அலுமாரியின் வயது

கொட்டாஞ்சேனையில், வுல்வெண்டால் தேவாலயத்துக்கு ஏறும் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில் ஒரு தளபாடப் பட்டறை இருக்கின்றது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் ஒழுங்கையே. போயா விடுமுறையொன்றில் நாம் அங்கு சென்றபோது, எம்மிடம் முன்னர் தமிழ் படித்த மாணவன் ஒருவன், புத்தம் புதிய மேசையொன்றைச் சைக்கிள் சங்கிலியால் அடித்துக்கொண்டிருந்தான்.

கோபத்தில் அடிக்கும் அடியல்ல அது. ஓரிடத்தில் இரண்டு மூன்று அடி. சாண் தூரம் தள்ளி ஓர் அடி. பின்னர் எட்டி நின்று, தலையைச் சாய்த்து, சித்திரம் வரைபவனைப் போல ஒரு பார்வை. எம்மைக் கண்டதும் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான். வகுப்பிற் பேசிப் பிடிபட்ட நாட்களிலும் அவன் அப்படித்தான் நிற்பான்.

"என்ன தம்பி, மேசை என்ன குற்றம் செய்தது?"

"பழசாக்குறேன் சேர்" என்றான். "ஒரே மாதிரி அடி விழுந்தா பொய்யின்னு தெரிஞ்சிரும். அதான் பாத்துப் பாத்து அடிக்கிறேன்."

நாம் வந்த காரியம் வேறு. வீட்டிலுள்ள பழைய அலுமாரியொன்றின் கதவுப் பிணைச்சல் துருப்பிடித்து இற்றுப்போயிற்று. அதை மாற்றித்தர ஆள் தேடியே சென்றோம். ஆனால் அன்று பாதிப் பகல் அங்கேயே கழிந்தது. ஆசிரியர் ஒரு பலகைப் பெட்டியிற் குந்தியிருக்க, மாணவன் பாடம் நடத்தினான்.

நன்றாகத் தமிழ் எழுதிய பையன். 2022 ஆம் ஆண்டில், தாள் இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளிற் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்ட அந்த ஆண்டில், எரிவாயு வரிசையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் வீட்டுக்காக நின்று நின்று அவன் பாடசாலைக்கு வருவது குறைந்தது. பின்னர் இல்லாமலே போயிற்று. நாம் இருமுறை வீட்டுக்குப் போய்க் கேட்டோம். மூன்றாவது முறை போகவில்லை. இதை இவ்விடத்திலேயே சொல்லி வைக்கின்றோம்.

அவன் அடித்த மேசை இரப்பர் மரத்தாலானது. பால் வற்றிய மரங்களை வெட்டி, மருந்தேற்றி, உலர்த்திப் பலகையாக்குகின்றனர். வெளிறிய நிறம், வயதென்று சொல்ல அதன் முகத்தில் எதுவுமில்லை. வயதேற்றுவதே முதல் வேலை. கடுஞ்சாயமாகக் காய்ச்சிய தேநீரைத் தூரிகையாற் பூசி உலரவிட்டான். அதன்மேல், சில நாட்களாக இரும்பு நார் ஊறிய வினாகிரியைப் பூசினான். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகை கறுக்கத் தொடங்கியது. சில நிமிடங்களில், மழையிலும் வெயிலிலும் பல்லாண்டு கிடந்த பலகையின் சாம்பல் நிறம் அதற்கு வந்துவிட்டது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் கூடியதன் விளைவு அது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை கூட்டிய எம் முன்னோர் கையாண்டதும் இதே இரசாயனந்தான் என்று அவனுக்குச் சொன்னோம். அவன் நினைவு வேறெங்கோ இருந்தது.

"எங்க அப்பாயி ஹட்டன்ல கொழுந்து எடுத்தவங்க சேர். அவங்க எடுத்த கொழுந்த இப்ப மேசையெல்லாம் குடிக்குது" என்று சிரித்தான்.

அடுத்தது தீந்தை. முதலிற் கடும் மண்ணிறப் பூச்சு. அது காய்ந்தபின், மேசையின் விளிம்புகளிலும், கால்களின் மூலைகளிலும், இழுப்பறைக் குமிழைச் சுற்றியும் மெழுகுதிரியைத் தேய்க்கிறான். அதன்மேல் நீலம். மெழுகு படிந்த இடத்தில் நீலம் இறுகப் பற்றாது. அரத்தாளை மெல்ல இழுத்தால் உரிந்து கீழுள்ள மண்ணிறம் தெரியும். ஐம்பது வருடங்கள் கைபட்டுத் தேய்ந்தது போலவே இருக்கும். வெடிப்பு வேண்டுமானால், இரு பூச்சுக்களுக்கும் இடையிற் பசை தடவ வேண்டும். பசை முற்றாகக் காயுமுன், விரலில் ஒட்டும் பருவத்தில், தண்ணீர் கலந்த தீந்தையை ஒரே இழுவையிற் பூச வேண்டும். பூசிய இடத்துக்குத் தூரிகை திரும்பி வரலாகாது. மேற்பூச்சு காய்ந்து சுருங்கும்போது அடியிலுள்ள பசை வழுகி இடங்கொடுக்கும். பிடிப்பிழந்த மேற்பூச்சு கிழிந்து பிளக்கும். தடித்துப் பூசினால், வற்றிய குளத்துச் சேறு போல அகன்ற வெடிப்பு. மெல்லிதாகப் பூசினால், முதியவர் புறங்கை போல நுண்ணிய சுருக்கம். ஈற்றில், மண்ணிறப் பொடி குழைத்த மெழுகை அந்த வெடிப்புக்களிலும் மூலைகளிலும் தேய்த்துத் துடைத்துவிட்டால், எந்த வீட்டிலும் சேராத அழுக்கும் அங்கே வந்து சேர்ந்துவிடும்.

எம் மாணவனின் கைத்திறன் வியக்கத்தக்கது. போலி என்று ஒரு சொல்லால் இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பொய்யான வயதை உண்டாக்கிய அந்தக் கையின் திறமை பொய்யானதல்ல. பழைய பொருட்கள் எப்படிப் பழையனவாயின என்பதைக் கூர்ந்து பார்த்துக் கற்றவனுக்கே அது வாய்க்கும்.

இந்த மேசைகள் கடலோரச் சிறு விடுதிகளுக்கும், குளிரூட்டிய கோப்பிக்கடைகளுக்கும், புதிய தொடர்மாடி வீடுகளுக்கும் போகின்றன. பூசாத மேசையின் விலையிலும் ஏறக்குறைய இருமடங்கு என்று பட்டறை முதலாளி சொன்னார். 1989 இல் ரேச்சல் ஆஷ்வெல் என்பவர் அமெரிக்காவின் சான்ரா மோனிகா நகரில் 'ஷாபி சிக்' என்ற பெயரிற் கடையொன்றைத் திறந்தார். 'கந்தலின் கவர்ச்சி' என்று அதனைத் தமிழாக்கலாம். அந்தப் பெயரே இன்று இத்தகைய அலங்காரத்துக்கெல்லாம் பொதுப் பெயராகிவிட்டது. எம் மாணவனின் வீட்டுச் சுவரிலும் கதவிலும் உரிந்த தீந்தை நிறைய உண்டு. அதை விலைக்குக் கேட்டு இதுவரை எவரும் வந்ததில்லை.

தமிழாசிரியனுக்கு வழியிலே சொல் ஒன்று எதிர்ப்பட்டால் நின்று பார்க்காமற் போக இயலாது. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, தீந்தை ஆகிய யாவும் போர்த்துக்கீசர் விட்டுச் சென்ற சொற்கள். தளபாடத்தின் பெயர் கடல் கடந்து வந்தது. செய்த கை மட்டும் இந்தக் கரையினது. அந்தக் கைக்கு நேர்ந்ததைச் சொல்ல ஒரு கதை உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சோழமண்டலக் கரையில், ஐரோப்பியருக்காக, உள்ளூர்த் தச்சர் கருங்காலியைக் கடைந்தும் செதுக்கியும் கதிரைகள் செய்தனர். அவற்றுட் சில இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. அடுத்த நூற்றாண்டில், ஹொறேஸ் வால்போல் என்ற எழுத்தாளர், இலண்டனுக்கு அருகே ஸ்ட்ரோபெரி ஹில் என்னும் தம் மாளிகைக்கு அத்தகைய கதிரைகளை வாங்கிச் சேர்த்தார். கறுத்த மரத்தையும் முறுக்கிய கால்களையும் அடர்ந்த செதுக்கலையும் கண்டு, இவை ரியூடர் மன்னர் காலத்து ஆங்கிலக் கதிரைகள் என்று நம்பினார். அவரைப் பின்பற்றிப் பிறரும் நம்பினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அந்த நம்பிக்கை நீடித்தது. எவரும் எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை. ஆயினும் கதிரையின் வயது ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஏறியபோது, அதைச் செய்த தமிழ்க்கரைத் தச்சன் இறங்கிப் போய்விட்டான்.

பட்டறையிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள வுல்வெண்டால் தேவாலயத்திலும் ஒல்லாந்தர் காலக் கதிரைகள் உள்ளன. 1749 இற் தொடங்கி 1757 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட கோயில் அது. நிலத்திற் பதித்த கற்களில் ஆளுநர்களின் பெயர்களை வாசிக்கலாம். நாம் பார்த்த கதிரை எதிலும் செய்தவன் பெயரைக் காணவில்லை.

உண்மையான தேய்வுக்கு ஓர் இலக்கணம் உண்டு. கை எங்கே போகுமோ அங்கே அது போகும். கதிரையில் கைப்பிடியின் நுனி தேயும், அடி தேயாது. குறுக்குச் சட்டத்தின் மேற்புறம் குதிக்கால் பட்டுத் தேயும். பின்புறத்திற் பூச்சு அப்படியே இருக்கும். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு முகங்கொடுத்த பக்கத்தில் ஆணித்தலைகள் துருவொழுகும், மறுபக்கம் ஒழுகாது. யப்பானில் நெகோரோ என்ற மடத்துத் துறவிகள் புழங்கிய அரக்குப் பாத்திரங்களுக்குக் கறுப்பின் மேற் சிவப்புப் பூச்சிட்டிருந்தனர். நாள்தோறும் எடுத்து, உண்டு, துடைத்து வைத்ததிற் சிவப்பு தேய்ந்து கறுப்புத் தெரிந்தது. 1585 இல் அந்த மடம் எரிக்கப்பட்டது. ஆனால் அந்தத் தேய்வின் அழகில் மயங்கிய பிற்காலத்தவர், புதிய பாத்திரங்களிலேயே சிவப்பைத் தேய்த்துக் கறுப்பைக் காட்டத் தொடங்கினர். எம் மாணவனின் மெழுகுதிரிக்கு அப்படியொரு மூதாதை உண்டு.

எம் வீட்டு அலுமாரிக்கு வருவோம். மொரட்டுவைத் தச்சரொருவர் பலா மரத்திற் செய்தது. 1981 இல் திருமணமான கையோடு எம் தந்தையார் வாங்கினார். அப்போது அவர் அரசாங்க எழுதுவினைஞர். பலா மரத்துக்கு எவரேனும் தீந்தை பூசுவரோ என்று கேட்கலாம். நிறம் ஒவ்வாத துண்டுப் பலகைகளை இணைத்துச் செய்த மலிவான அலுமாரி அது. ஒட்டை மறைக்கப் பச்சைத் தீந்தை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் வாடகை வீடு. 1983 ஜூலை 25 ஆந் திகதி, திங்கட்கிழமை, அந்த வீட்டின் முன்னறை எரிந்தது. அம்மாவும் அப்பாவும் பின்மதிலால் ஏறி அயல் வீட்டுக்குப் போய்விட்டனர். அந்த அயல் வீட்டுச் சிங்களக் குடும்பத்தாரே, கும்பல் அடுத்த ஒழுங்கைக்கு நகர்ந்ததும், கிணற்று நீரை வாளி வாளியாக ஊற்றித் தீ பின்னறைக்குப் பரவாமற் தடுத்தனர். இரு அறைகளுக்கும் இடைப்பட்ட வாசலுக்கு நேரே நின்ற அலுமாரியின் இடக் கதவில் அனல் அடித்தது. மரத்தினுள் இருந்த ஈரம் ஆவியாகிப் பூச்சைக் கீழிருந்து தள்ளியது. இளகிய பூச்சு கொப்புளித்தது. ஆறியதும் கொப்புளங்கள் அப்படியே இறுகிவிட்டன. மேற்பகுதிக் கொப்புளங்கள் கருகியிருந்தன. கீழே வரவரச் சிறுத்துப் பச்சையாகவே நின்றன.

அவர்கள் இரத்மலானை முகாமுக்குப் போய், அங்கிருந்து லங்கா கல்யாணிக் கப்பலிற் காங்கேசன்துறைக்குப் போனார்கள். 1986 இல் வேலைக்காகத் திரும்பி வந்தபோது, அயலவர் தம் கார்க் கொட்டிலில் வைத்திருந்த அலுமாரியைத் திறப்புடன் ஒப்படைத்தனர். உள்ளே சேலைகள் மடித்தபடி இருந்தனவாம். அலுமாரியின் ஒரு பக்கத்தில் மூன்று மாரியின் சாரல் பட்டுப் பூச்சுச் செதிள் செதிளாக எழும்பியிருந்தது.

நாம் பிறந்தது அதன் பின்னர். இடக் கதவின்மேல் அம்மா பழைய சேலைத் துண்டொன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார். திரைக்குள் தலையை நுழைத்துக் கொப்புளங்களை நகத்தால் உடைப்பது எம் இரகசிய விளையாட்டு. பச்சைத் தூள் நகக்கண்ணில் ஏறும். ஒருநாள் பிடிபட்டோம். அதுவரை எம்மை அடித்தறியாத அம்மா அன்று அடித்தார். அடித்த கையாலேயே எம் விரல்களைக் கழுவிவிட்டார். ஏன் அடித்தார் என்பது நெடுங்காலம் எமக்கு விளங்கவில்லை.

பிணைச்சலைப் பார்க்க மாணவனும் பட்டறை முதலாளியும் வீட்டுக்கு வந்தனர். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். முதலாளி திரையை விலக்கினார். வாய் பேசாது நின்றார். கதவின் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார்.

"மாஸ்டர், இப்படி ஒரு பினிஷ் நான் கண்டதில்லை" என்றார். கதவை மட்டுமாவது விலைக்குத் தரமுடியுமா என்று கேட்டார். முடியாது என்றோம். அப்படியானால் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். அதற்கு நாம் "ஓம்" என்றோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்று பல நாள் எண்ணிப் பார்த்ததுண்டு. எம் வீட்டுப் பொருளொன்றை ஒருவர் வியந்து நின்றார். அந்த மகிழ்ச்சியைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

இரு வாரங்களின் பின் பட்டறைக்குப் போனோம். பிணைச்சல் வாங்கியாயிற்றா என்று கேட்கத்தான். ஒழுங்கை வாயிலிலேயே கருகிய தீந்தையின் மணம் எட்டியது. நான்கு கதவுகள் சுவரிற் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மாணவன் பலகையை நனைத்து, அதன்மேற் பச்சை எண்ணெய்த் தீந்தையைத் தடிப்பாகப் பூசி, ஊதுவிளக்கின் சுவாலையை ஒரு சாண் தொலைவிற் பிடித்து, மேலிருந்து கீழாக அசைத்துக்கொண்டிருந்தான். கொப்புளங்கள் ஒவ்வொன்றாக எழும்பின. மேலே கருகல், கீழே சிறுத்த பச்சை. சுவரில் எம் அலுமாரியின் படம் ஒட்டியிருந்தது.

"சேர், உங்க அலுமாரி மாதிரியே வந்திருக்கா?" என்று ஆவலுடன் கேட்டான். நல்ல கட்டுரையொன்றை எழுதி வந்து நீட்டும் மாணவனின் முகம்.

அவனுக்குத் தெரியாது. தெரிவதற்கு வழியுமில்லை. இலக்கியமும் இலக்கணமும் பல ஆண்டுகள் அவனுக்குக் கற்பித்த நாம், 1983 ஐப் பற்றி வகுப்பில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்பது காரணம். பயம் என்பது அதைவிட உண்மையான காரணம். அன்று அந்தத் தகரக் கூரையின் கீழ்ச் சொன்னோம். அவன் ஊதுவிளக்கை அணைத்துவிட்டுக் கேட்டான்.

"எங்க வீட்லயும் ஏதோ சொல்லுவாங்க சேர். தாத்தா பஸ்ஸ விட்டு எறங்கி ஓடினாருன்னு. நான் சரியாக் கேட்டுக்கிட்டதில்ல."

சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், வெள்ளிக்கிழமை விடுதிக்காரர் வந்து கதவுகளை ஏற்றுவார்கள் என்று மெதுவாகச் சொல்லி, விளக்கை மீண்டும் மூட்டினான். அவனைக் குறை சொல்ல எமக்கு என்ன உரிமை? படம் எடுக்க விட்டவர்கள் நாம்.

அவன் இருமியதை அன்றுதான் கவனித்தோம். அதுவரை எம் கண் மேசையிலேயே இருந்தது. கண்ணிமை மயிர் முழுவதும் வெண்தூள். பட்டறையின் பின்புறத்தில், இடித்த வீடுகளிலிருந்து வாங்கிய பழங்கதவுகளும் சன்னல்களும் அடுக்கியிருந்தன. அவற்றின் பல அடுக்குப் பூச்சை உலர்ந்தபடியே அரத்தாளால் தேய்ப்பதும் அவன் வேலை. இலங்கையிற் தீந்தையில் இருக்கக்கூடிய ஈயத்துக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியிற்தான். அதற்கு முந்திய பூச்சு எதையும் ஈயம் உள்ளதென்றே கருதிக் கையாளுவது அறிவு. அக்காலத்துப் பச்சைத் தீந்தைகள் பலவற்றில், பச்சைக்காகச் சேர்த்த மஞ்சட் பொடியே ஈயக் கூட்டுப்பொருள். உலர்த் தேய்ப்பில் எழும் தூளை மூச்சு உள்ளே கொண்டுபோகும். கழுவாத கையுடன் உண்ணும் சோற்றோடும் போகும். உடையில் ஒட்டி வீட்டுக் குழந்தைகளிடமும் போகும். சிறுவருக்குத் தீங்கில்லாத ஈய அளவென்று எதுவுமே அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எம் நகக்கண்ணைக் கழுவிவிட்ட அம்மாவுக்கு இந்த இரசாயனம் தெரிந்திராது, கழுவியது நல்லதாயிற்று.

புதியதைப் பழையதாக்கும் தொழிலில் மூச்சைக் கொடுத்தவர்கள் வேறிடத்திலும் உண்டு. துருக்கியில், நீலக் காற்சட்டைத் துணி பழுப்பேறி வெளிறித் தோன்றுவதற்காக, அழுத்தக் காற்றால் அதன்மேல் மணலை வீசினர். காற்றோட்டமில்லாத சிறு பட்டறைகளில் அந்த வேலையைச் செய்த இளைஞர்களின் நுரையீரலை மணற்றூள் இறுக வைத்தது. சுரங்கத் தொழிலாளரிடம் முதுமையிற் காணும் நோய், இருபது வயதினரைக் கொன்றது. 2009 இல் துருக்கி அரசு அந்த முறையைத் தடை செய்தது. காற்சட்டையின் முழங்காலில் வெளிறிய அந்தத் திட்டை நாமும் கடையிற் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்திருக்கின்றோம்.

முதலாளியிடம் முகக்கவசத்தைப் பற்றியும், நனைத்துத் தேய்ப்பதைப் பற்றியும் பேசினோம். அவர் கெட்ட மனிதரல்லர். நனைத்தால் நேரம் பிடிக்கும் என்றார். எல்லாப் பட்டறையிலும் இப்படித்தானே என்றார். மாஸ்டர் சொல்வதால் பார்ப்போம் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னோம். சொல்லாது விட்டிருக்கலாமோ என்று சொல்லும்போதே தோன்றியது. அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகை மடியில் வைத்தார்.

"நாப்பது வரியமா நான் மூடி வைச்சிருக்கிறன். நீ படம் எடுக்க விட்டிருக்கிறாய்."

சற்று நேரத்தின் பின், "உதை முழுக்க உரிச்சு எடுக்கச் சொல்லு அந்தப் பெடியனிட்டை" என்றார்.

நாம் வாதாடினோம். வெட்கத்தைவிட்டுச் சொல்வதானால், சொற்பொழிவே ஆற்றினோம். பழைய கட்டடங்களைச் சுரண்டிப் புதுக்குவது அவற்றின் வரலாற்றை அழிப்பதாகும் என்று வாதிட்டு, 1877 இல் வில்லியம் மொறிஸ் ஒரு சங்கமே அமைத்தார் என்றோம். அதே ஆண்டிற் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, அந்த மொறிஸின் வழியிற் சென்று, 1908 இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற நூலில் எம் நாட்டுக் கைவினைஞரைப் பற்றி எழுதினார் என்றோம். அம்மா இடைமறிக்காமற் கேட்டார்.

"அம்மா, அந்தக் கதவு ஒரு சாட்சி" என்று முடித்தோம்.

"சாட்சிக்கு நான் இருக்கிறன். அலுமாரி எனக்குச் சீலை வைக்கிறதுக்கு."

மாணவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். கொள்ளை நோய்க் காலத்தில் வாங்கி மீந்திருந்த முகக்கவசங்கள் வீட்டிற் கிடந்தன. சாதாரண துணிக் கவசம் நுண்தூளைத் தடுக்காது என்பதால், இறுக்கமாகப் பொருந்தும் தடித்த வகையைத் தேடி எடுத்தோம். கதவைக் கழற்றிப் பின் விறாந்தையிற் கிடத்தினோம். கீழே பழைய பத்திரிகைகள். அவன் தேய்க்கத் தேய்க்க அம்மா செம்பாற் தண்ணீர் ஊற்றினார். கொப்புளங்கள் அரத்தாளின் கீழ் முட்டைக்கோது போல நொறுங்கின. பச்சை போயிற்று, அதன் கீழே வெள்ளை அடிப்பூச்சு, விளிம்புகளில் மஞ்சள் மரம் தலைகாட்டியது. பழக்கம் அவனை விடவில்லை. அந்தப் பருவத்தில் நிறுத்தினாற் பட்டறையில் நல்ல விலை போகும். கையை எடுத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"எந்த எடத்துல நிறுத்தணும் அம்மா?"

"நிறுத்த வேண்டாம் தம்பி. மரம் மட்டும் போ."

மதியத்துக்குள் பலா மரத்தின் மஞ்சள் முழுதாகத் தெரிந்தது. துண்டுப் பலகைகளின் ஒட்டும் தெரிந்தது. மேற்பகுதியில், இரண்டு கையகல இடத்தில், மரமே கருகியிருந்தது. தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு மங்கியதேயன்றிப் போகவில்லை. இன்னும் தேய்த்தாற் பலகை மெலிந்துவிடும் என்றான். அம்மா குனிந்து ஈரமான அந்த இடத்தைக் கையாற் தடவிப் பார்த்தார்.

"சரி, காணும். காஞ்ச பிறகு பச்சை அடி."

"பழைய பச்சையா, புதுசா?"

"கடையில இருக்கிறதை வாங்கு."

அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதலாம், ஞாயிறு மாலையில் வந்தாற் சொல்லித் தருகிறோம் என்றோம். ஞாயிறு முதலாளி கூப்பிடாவிட்டால் வருவேன் என்றான். கையை இருமுறை சவர்க்காரமிட்டுக் கழுவியிருந்தான், நாம் சொல்லியல்ல.

நாம் உள்ளே புதிய பித்தளைப் பிணைச்சலுக்கு ஆணி தேடிக்கொண்டிருந்தோம். விறாந்தையில் அவன் தூளூறிய பத்திரிகைகளைச் சுருட்டிப் பையொன்றிற் கட்டும் ஓசை கேட்டது. பின்னர் அவன் குரல். வாளியிலிருந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்ற வேண்டாம், அதில் ஈயம் இருக்கும், பிறகு அந்த இலையைக் கறிக்குப் போடக்கூடாது என்று அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.